மாட்டேன் என்பதும் வரவில்லை என்பதும்

தமிழ் நவீன இலக்கியத்தில் மௌனத்துக்கு உள்ள மரியாதை பேச்சுக்கு இல்லை. நம்முடைய முக்கியமான சிறுகதைக்காரர் ஒருவரின் புனைபெயரே மௌனி. கவிதையைப் பற்றி எழுதுகிற எவரும் மூன்றாவது பாராவுக்குள் சொற்களுக்கு இடையே உறைகிற மௌனத்துக்கு வந்து சேர்ந்துவிடுகிறார். தட்சிணாமூர்த்தி வாய் திறக்காமல் போதித்தார் என்கிறது புராணம். ரமணரின் மௌனத்தை உபதேசம் என்றே சொல்கிறோம். ஆக, பேசாதிருப்பவன் நம்மைவிட ஒரு படி மேலே நிற்கிறான். பேசத் தெரிந்தும், பேச்சு தேவையில்லை என்று முடிவு செய்தவன் அவன்.

இந்த மரியாதையில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அதற்குள் ஒரு அனுமானம் இருக்கிறது. மௌனம் என்று ஒன்று இருந்தால் அதன் பின்னால் ஒரு சித்தம் இருக்கும், சித்தம் இருந்தால் அர்த்தம் இருக்கும் என்ற அனுமானம். ஐந்து வயதில் தொடங்கி நாலாம் வகுப்புவரை பள்ளிக்கூடத்தில் வாய் திறக்காமல் இருந்தவள் நான். அந்த வருஷங்களில் நான் தேர்ந்தெடுத்தது எதுவும் இல்லை. அர்த்தங்களையெல்லாம் மற்றவர்கள்தான் கொண்டுவந்து போட்டார்கள். இதை எழுத வேண்டும் என்று வெகுநாளாக இருந்தும் தள்ளிப்போட்டதற்குச் சொந்தக் கதையைச் சொல்வதில் உள்ள கூச்சம் ஒரு காரணம். மௌனத்தைப் பற்றி எதை எழுதினாலும் அது உடனே தத்துவமாகிவிடுகிறதே என்ற எரிச்சல் இன்னொரு காரணம். எனவே முடிந்தவரை தத்துவத்தை விலக்கி, விஷயத்தைச் சொல்லப் பார்க்கிறேன்.

வீட்டில் நான் வாயாடி. ஆச்சியோடு வாதாடுவேன், தம்பிக்குக் கதை சொல்வேன், அடுத்த வீட்டுக் கோழிகளுக்குப் பெயர் வைத்துக் கூப்பிடுவேன். 1965ல் தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளியில் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு ஒரே உடம்பில் இரண்டு பெண்கள். பள்ளிக்கூட நடையைத் தாண்டுகிற வரை ஒருத்தி, தாண்டிய பிறகு மற்றொருத்தி. வாத்தியார் பெயர் கூப்பிடுவார். முப்பது பிள்ளைகள் வரிசையாக 'உள்ளேன் ஐயா' சொல்லிக்கொண்டு வருவார்கள். என் பெயருக்கு இன்னும் ஐந்தாறு பெயர் இருக்கும்போதே கழுத்துக்குக் கீழே ஏதோ இறுகத் தொடங்கும். உள்ளங்கை சில்லிட்டுப்போகும். சொல்ல வேண்டிய சொல் மனதில் தெளிவாக இருக்கும், எழுத்துக்கூட்டிப் பார்க்கலாம் போல. அதை வெளியே தள்ளுகிற கருவி மட்டும் என் வசம் இருக்காது. வாத்தியார் நிமிர்ந்து பார்ப்பார். முப்பது தலைகளும் திரும்பும். முகத்தில் உள்ள தசைகள்கூட அசையாது. சிரிக்கவும் அழவும் வராது. வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு அது ஒரு கல்முகம். திமிர் பிடித்த முகம்.

இப்படிப்பட்ட குழந்தைகள் உலகம் எங்கும் இருக்கிறார்கள். நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு என்பது பெரும்பாலான கணக்கு. ஐந்து வயதுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஆனால் பள்ளியில் சேர்த்த பிறகுதான் கண்ணில் படுகிறது. பேச வேண்டும் என்று ஒரு குழந்தையை வெளியுலகம் முதன்முறையாகக் கட்டாயப்படுத்துகிற இடம் பள்ளிதான். ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகளிடம் சற்று அதிகம். ஓரிடத்தில் தாராளமாகப் பேசுகிற குழந்தை, பேச எதிர்பார்க்கப்படும் இன்னோரிடத்தில் தொடர்ந்து பேசாமல் இருக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் அப்படி இருக்க வேண்டும். பள்ளியில் சேர்ந்த முதல் மாதம் கணக்கில் வராது. அந்த இடத்தின் மொழி தெரியாததால் வந்த பேசாமையாக இருக்கக் கூடாது. படிப்பையோ பழக்கத்தையோ அது பாதித்திருக்க வேண்டும். இதுதான் இன்று மருத்துவர்கள் வைத்துள்ள வரையறை. செலக்டிவ் மியூட்டிஸம் என்பது பெயர்.

இந்தப் பெயருக்கு ஒரு சரித்திரம் உண்டு. நான் சொல்ல வந்ததில் பாதி அந்தச் சரித்திரத்தில்தான் இருக்கிறது.

1877ல் அடால்ஃப் குஸ்மவுல் என்ற ஜெர்மானிய மருத்துவர், பேச்சுக் கோளாறுகளைப் பற்றிய தம் நூலில், பேசும் திறன் இருந்தும் சில இடங்களில் பேசாதிருப்பவர்களைக் குறிப்பிட்டு, அந்த நிலைக்கு 'அஃபேசியா வாலுண்டாரியா' என்று பெயர் வைத்தார். சுய இச்சையால் வந்த பேச்சின்மை என்று அர்த்தம். 1934ல் ஸ்விட்ஸர்லாந்தின் குழந்தை மனநல மருத்துவர் மோரிட்ஸ் டிராமர் 'எலெக்டிவ் மியூட்டிஸம்' என்ற பெயரைக் கொண்டுவந்தார். யாரோடு பேசுவது என்பதைக் குழந்தை தானே தேர்ந்துகொள்கிறது என்பது இந்தப் பெயரின் கருத்து. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980ல் வெளியிட்ட நோய்ப் பட்டியலின் மூன்றாம் பதிப்பு அதே பெயரை ஏற்று, ஏறக்குறைய எல்லாச் சமூகச் சூழல்களிலும் பேச மறுப்பது இதன் லட்சணம் என்றது. மறுப்பு என்ற வார்த்தையைக் கவனிக்க வேண்டும். 1994ல் வந்த நான்காம் பதிப்பில் எலெக்டிவ் போய் செலக்டிவ் வந்தது. மறுப்பு போய், பேசாது போதல் என்ற பொருளுள்ள சொல் வந்தது. 2013ல் வந்த ஐந்தாம் பதிப்பில் இதைப் பதற்ற நோய்களின் அத்தியாயத்துக்கு மாற்றினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பழைய பட்டியலில் எலெக்டிவ் என்றே இருந்தது. 2022 ஜனவரியில் அமலுக்கு வந்த பதினொன்றாம் பதிப்பு அதையும் மாற்றி, பதற்றமும் பயமும் சார்ந்த நோய்களோடு சேர்த்தது.

இச்சை, தேர்வு, மறுப்பு, இயலாமை, பயம். இவ்வளவு தூரம் வர 136 வருஷம் ஆகியிருக்கிறது. இடையில் குழந்தைகள் மாறவில்லை. 1877ல் பேசாத குழந்தையும் 2013ல் பேசாத குழந்தையும் ஒரே காரியத்தைத்தான் செய்துகொண்டிருந்தார்கள், அல்லது செய்ய முடியாமல் இருந்தார்கள். மாறியது வினைச்சொல். அந்த மாற்றத்தின் பின்பாதி என் ஆயுளுக்குள் நடந்தது. மருத்துவ உலகம் இதை மறுப்பு என்று அச்சிட்ட வருஷம் எனக்கு இருபது வயது. பயம் என்று அச்சிட்டபோது ஐம்பத்து மூன்று.

தமிழில் இந்த வினைச்சொற்களை வைத்து யோசிப்பது எனக்கு உதவியாக இருக்கிறது. 'பேச மாட்டாள்' என்பதில் எழுவாய் அவள். அவளுடைய பிடிவாதம் அந்த 'மாட்டா'வுக்குள் இருக்கிறது. 'பேச முடியவில்லை' என்றால் முயற்சி இருக்கிறது, பலன் இல்லை. 'அவளுக்குப் பேச்சு வரவில்லை' என்பது முற்றிலும் வேறொரு வாக்கியம். இதில் எழுவாய் அவளே கிடையாது. பேச்சு என்பது எங்கிருந்தோ வர வேண்டிய ஒன்று. அவள் அது வந்து சேர வேண்டிய இடம். அவளுக்கு நான்காம் வேற்றுமை. தூக்கம் வரவில்லை, அழுகை வந்தது, பயம் வந்தது என்று சொல்வது போலத்தான் இதுவும். உடம்பில் தானாக நிகழ்கிறவற்றுக்கு நம் மொழி ஒதுக்கிவைத்திருக்கும் இலக்கணம் இது. ஜெர்மானிய, அமெரிக்க மருத்துவர்கள் 136 வருஷம் நடந்து வந்து சேர்ந்த இடம் எங்கள் ஆச்சியின் வாயில் சாதாரணமாகப் புழங்கிற்று. 'பள்ளிக்கூடத்துல அவளுக்குப் பேச்சு வர மாட்டேங்குய்யா' என்றுதான் வாத்தியாரிடம் சொன்னாள். வாத்தியார் அந்த வாக்கியத்தை 'அவ பேச மாட்டேங்கா' என்று திருப்பிச் சொன்னார். இரண்டுக்கும் உள்ள தூரம் அங்கே நின்ற யாருக்கும் தெரியவில்லை.

இதில் தமிழை மெச்சிக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. பயத்துக்கும் பேச்சுக்கும் உள்ள சம்பந்தம் நம் மொழிக்கு நன்றாகத் தெரியும். வாயடைத்துப் போனான், நா எழவில்லை, தொண்டை அடைத்தது என்றெல்லாம் சொல்கிறோம். ஆனால் அதெல்லாம் பாம்பைப் பார்த்தவனுக்கும் சாவுச் செய்தி கேட்டவனுக்கும் உரியது. வகுப்பறையைப் பார்த்து ஒரு குழந்தைக்கு வாயடைத்துப் போகலாம், அதுவும் வருஷக்கணக்கில் என்று யாரும் அந்தச் சொல்லை அவளுக்குக் கொடுப்பதில்லை. அவளுக்குக் கிடைப்பவை வேறு: அழுத்தக்காரி, கல்லுளிமங்கி, வாயில் என்ன கொழுக்கட்டையா, பேசினால் முத்து உதிர்ந்துவிடுமா. இவையெல்லாம் 'மாட்டேன்' வகையைச் சேர்ந்த சொற்கள்.

பெண்ணாக இருந்ததில் இன்னொரு சிக்கல். பள்ளிக்கூடத்தில் எதற்காகப் பிரம்பு காட்டினார்களோ, அதற்காகவே கல்யாண வீடுகளில் மெச்சினார்கள். உறவுக்காரர்கள் முன்னால் வாய் திறக்காத பெண் அடக்கமான பெண். 'பிள்ளைன்னா இப்படி இருக்கணும்' என்று ஒரு சித்தி தன் மகளிடம் என்னைக் காட்டிச் சொன்னாள். அப்போதும் என் உள்ளங்கை சில்லிட்டுத்தான் இருந்தது. ஒரே பயத்துக்கு ஓரிடத்தில் திமிர் என்று பெயர், இன்னோரிடத்தில் குணம். பெண்ணின் பேசாமையை அலங்காரமாகப் பார்க்கிற சமூகத்தில் இதை உபாதை என்று கண்டுகொள்ளத் தாமதமாவதில் ஆச்சரியம் இல்லை.

பயம் என்ற சொல்லையும் சற்று விளக்க வேண்டும். வாத்தியார் அடிப்பார் என்ற பயம் அல்ல அது. அவர் அடிக்காத நாட்களிலும் அது இருந்தது. தன் குரல் பிறர் காதில் விழுவதைப் பற்றிய பயம். பேச எதிர்பார்க்கப்படும் அந்தக் கணத்தைப் பற்றிய பயம். ஆபத்து என்று மூளை எடுத்துக்கொண்டால் உடம்புக்குத் தெரிந்த வழிகள் சில உண்டு: எதிர்ப்பது, ஓடுவது, உறைந்துபோவது. ஐந்து வயதுக் குழந்தை வாத்தியாரை எதிர்க்க முடியாது, வகுப்பைவிட்டு ஓடவும் முடியாது. மிச்சம் இருப்பது மூன்றாவது. மரவட்டையைத் தொட்டால் சுருண்டுகொள்கிறது. சுருளலாமா என்று அது யோசிப்பதில்லை. சில குழந்தைகள் பிறவியிலேயே புதிய மனிதர்களிடமும் புதிய இடங்களிலும் ஒடுங்கும் சுபாவம் உள்ளவர்கள் என்பதை ஹார்வர்டில் ஜெரோம் கேகன் பல வருஷ ஆராய்ச்சியில் காட்டியிருக்கிறார். அந்தச் சுபாவம் இந்த நோய்க்கு வளமான நிலம். குடும்பத்தில் அப்படி ஒடுங்குகிறவர்கள் ஏற்கெனவே இருப்பதும் வழக்கம். எங்கள் வீட்டில் அப்பா அப்படிப்பட்டவர். கடையில் மிச்சச் சில்லறையைக் கேட்டு வாங்காமல் வந்துவிடுவார்.

பயம் பிடித்துக்கொண்டது சரி. ஏன் வருஷக்கணக்கில் விடவில்லை? இதற்கான விளக்கம் மிக எளியது. ஒரு கேள்வி வருகிறது. குழந்தையின் பதற்றம் ஏறுகிறது. அது விழிக்கிறது. பக்கத்தில் இருப்பவர் பரிதாபப்பட்டு அதற்காகப் பதில் சொல்லிவிடுகிறார், அல்லது கேட்டவர் அலுத்துப்போய் விட்டுவிடுகிறார். பதற்றம் சட்டென்று இறங்குகிறது. அந்த ஆசுவாசம் இருக்கிறதே, அதுதான் பாடம். பேசாதிருந்தால் ஆபத்து விலகும் என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு கேள்விக்கும், அந்தப் பாடம் ஒரு முறை கூடுதலாக எழுதப்படுகிறது. ஆகவே வற்புறுத்துவதும் உதவாது, விட்டுவிடுவதும் உதவாது. வற்புறுத்தினால் பயம் வளர்கிறது. விட்டுவிட்டால் தப்பித்தல் வளர்கிறது. வளர்ந்தால் சரியாகிவிடும் என்ற ஆறுதல் இரண்டாவது வகை. அதற்குள் அந்தப் பிள்ளைக்கு 'பேசாத பிள்ளை' என்ற பெயர் நிலைத்துவிடுகிறது. பெயர் நிலைத்த பிறகு பேசுவதானால், பயத்தை மட்டும் அல்ல, எல்லோருடைய ஆச்சரியத்தையும் சேர்த்துத் தாங்க வேண்டும்.

எங்கள் வீட்டில் விட்டுவிடவில்லை. நாக்கில் வசம்பை இழைத்துத் தடவினார்கள். பிறகு திருச்செந்தூர். எங்கள் பக்கத்தில் இது தவிர்க்க முடியாதது. ஆற்றோரம் கிழக்கே போனால் ஸ்ரீவைகுண்டம்; குமரகுருபரர் பிறந்த ஊர். ஐந்து வயதுவரை பேசாதிருந்த குழந்தையைப் பெற்றோர் திருச்செந்தூருக்குக் கொண்டுபோய்க் கிடத்த, முருகன் அருளால் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடியதாக வரலாறு சொல்கிறது. பேசாத குழந்தை உள்ள எந்த வீட்டுக்கும் அந்தக் கதை நம்பிக்கை தரும். எனக்கும் அப்போது ஐந்து வயது முடிந்திருந்தது.

அந்தக் கதையின்மேல் எனக்குக் குறை கிடையாது. ஆனால் அது நமக்குள் ஏற்படுத்தியிருக்கும் எதிர்பார்ப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேசாமை ஒரு பூட்டு. ஒரு நாள், ஒரு கணத்தில், ஒரே திறவுகோலால் திறக்கும். திறந்ததும் காவியம் கொட்டும். இந்த எதிர்பார்ப்பு வாத்தியாரிடமும் இருந்தது. கலெக்டர் ஆபீஸ் மாமாவிடமும் இருந்தது. ஒரு சொல், ஒரே ஒரு சொல் சொல்லு பார்ப்போம் என்று எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் நோய்க்கே காரணம் என்ற நிலையில், அற்புதத்துக்குக் காத்திருப்பதைவிடப் பெரிய இடைஞ்சல் வேறு இல்லை.

அற்புதத்துக்கு ஆசைப்படுவது போலவே நாம் காரணத்துக்கும் ஆசைப்படுகிறோம். இவள் பேசாதிருப்பதற்கு என்றோ நடந்த ஒரு பயங்கரம் இருக்க வேண்டும் என்று தேடுவது. அப்படிப்பட்ட பேசாமையும் உண்டு. மாயா ஆஞ்சலோ ஏழெட்டு வயதில் பலாத்காரத்துக்கு ஆளானார். அவர் சொன்ன பெயரால் குற்றவாளி பிடிபட்டான், பிறகு கொல்லப்பட்டான். தன் குரல்தான் ஒருவனைக் கொன்றது என்று நம்பிய அந்தச் சிறுமி, அண்ணனைத் தவிர ஏறக்குறைய யாரோடும் ஐந்து வருஷம் பேசவில்லை. 1969ல் வெளியான தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். ஆனால் அது முன்பு பேசிய குழந்தை, ஒரு நிகழ்ச்சிக்குப் பிறகு, எங்கும் பேசாது போவது. நான் சொல்லும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அப்படி ஒரு நிகழ்ச்சி கிடையாது. அவர்களுடைய பேசாமையைத் தோண்டிப்போனால் அடியில் ரகசியம் எதுவும் இருக்காது. வாசகனாக நமக்கு இது ஏமாற்றம் தரலாம். ரகசியம் இல்லாத மௌனத்தை என்ன செய்வது என்று நமக்குத் தெரியவில்லை.

தெரியாமல் என்ன செய்தோம் என்பதற்கு ஜூன் கிப்பன்ஸ், ஜெனிஃபர் கிப்பன்ஸ் என்ற இரட்டையர் உதாரணம். 1963ல் ஏடனில் பிறந்தவர்கள். பெற்றோர் பார்படோஸ் தீவிலிருந்து வந்தவர்கள். தகப்பனாருக்குப் பிரிட்டிஷ் விமானப் படையில் வேலை. 1974ல் வேல்ஸில் ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் என்ற ஊருக்குக் குடிபோனார்கள். ஏறக்குறைய முழுவதும் வெள்ளையர் ஊர். பள்ளியில் நிறத்துக்காகப் பிற பிள்ளைகள் செய்த துன்புறுத்தல். இருவரும் தங்களுக்குள் மட்டும், பிறருக்குப் பிடிபடாத வேகத்தில், பேசினார்கள். நிபுணர்கள் 'எலெக்டிவ்' என்ற அந்தக் கால முத்திரையை அவர்கள்மேல் இட்டார்கள். ஒருவரை ஒருவர் ஆட்டிவைக்கிறார்கள் என்று பிரித்து வைத்துப் பார்த்தார்கள். அதில் இருவரும் மேலும் ஒடுங்கினார்கள். அறைக்குள் இருந்தபடி நாட்குறிப்புகளும் நாவல்களும் எழுதித் தள்ளினார்கள். ஜூன் எழுதிய ஒரு நாவலைத் தங்கள் பணத்தைக் கட்டி அச்சிடச் செய்தார்கள். பிறகு திருட்டு, தீவைப்பு. 1982ல், பத்தொன்பது வயதில், பிராட்மூர் என்ற காவல் மிகுந்த மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டு, பதினோரு வருஷம் அங்கே இருந்தார்கள். 1993ல் அங்கிருந்து வேறொரு மருத்துவமனைக்கு மாற்றிய நாளில் ஜெனிஃபர் இதயத் தசை அழற்சியால் இறந்துபோனார். ஜூன் அதற்குப் பிறகு மற்றவர்களோடு பேசத் தொடங்கினார்.

அவர்கள் வாழ்க்கை ஒரு நோயின் பெயருக்குள் அடங்கிவிடுவதல்ல. நிறவெறியும், தனிமையும், இரட்டைப் பிறவியின் விசித்திரப் பிணைப்பும் அதில் உண்டு. ஆனாலும் அவர்களைப் பற்றி வந்த நாடகங்கள், படங்கள், கட்டுரைகள் எல்லாவற்றையும் கவர்ந்தது அந்த மௌனத்தின் மர்மம்தான். இருவரும் செய்துகொண்ட ஒப்பந்தம், சதி, விளையாட்டு என்றே அதைப் படித்தார்கள். இரண்டு சிறுமிகள் பயந்துபோயிருந்தார்கள் என்பது கதையாகச் சுவைக்காது.

மர்மம் இல்லை என்று ஒத்துக்கொண்டவர்கள் செய்கிற காரியம் இதற்கு நேர்மாறாக, சின்னதாக, சலிப்பூட்டும்படி இருக்கிறது. மேகி ஜான்சன், அலிசன் வின்ட்கென்ஸ் என்ற இங்கிலாந்துப் பேச்சு மருத்துவர்கள் இருவர் 2001ல் வெளியிட்ட கையேடு இதில் பேர்பெற்றது. முறை இது: பள்ளியில் ஒரு காலி அறையில் குழந்தையும் தாயும் மட்டும் இருந்து, எண்களை மாறி மாறிச் சொல்லி விளையாடுகிறார்கள். குழந்தையின் குரல் அந்தக் கட்டடத்துக்குள் எழுகிறது. அடுத்த கட்டத்தில் ஆசிரியை கதவுக்கு வெளியே இருக்கிறார். பிறகு கதவு சற்றுத் திறந்திருக்கிறது. பிறகு அறைக்குள், முதுகைக் காட்டியபடி. பிறகு மேஜைக்குப் பக்கத்தில். பிறகு விளையாட்டில் அவருக்கும் ஒரு முறை. பிறகு தாய் மெல்ல விலகுகிறார். ஒவ்வொரு படியிலும் பதற்றம் தாங்குகிற அளவுக்குள் இருக்க வேண்டும். தாங்கவில்லையென்றால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். குழந்தையின் முகத்தையே பார்க்கக் கூடாது. கேள்வியாகக் கேட்டுத் தள்ளாமல், அது செய்வதைப் பற்றித் தானாகப் பேசிக்கொண்டிருக்கலாம். கேட்டால் ஐந்து விநாடியாவது பொறுக்க வேண்டும். முதல் சொல் வந்துவிட்டால் கைதட்டக் கூடாது. சில குழந்தைகளுக்கு, பெரும்பாலும் சற்று வயது கூடியவர்களுக்கு, ஃப்ளூவாக்ஸெட்டின் போன்ற பதற்றம் குறைக்கும் மருந்தும் மருத்துவர் மேற்பார்வையில் துணையாகிறது. சீக்கிரம் தொடங்கினால் பலன் அதிகம்.

அந்தக் கையேட்டின் முறையைப் பல வருஷம் கழித்துப் படித்தபோது எனக்குத் திகைப்பு. இது எனக்கு நடந்திருக்கிறது. யாரும் திட்டமிடாமல் நடந்திருக்கிறது. 1967ல் தம்பியை அதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். மதியச் சாப்பாட்டு வேளையில் வேப்ப மரத்தடியில் அவனுக்குப் பிசைந்து கொடுக்க வேண்டியது என் பொறுப்பு. அவன் கேள்வி கேட்கிற பிள்ளை. வீட்டுப் பழக்கத்தில் அவன் காதோடு பதில் சொன்னேன். பள்ளிக்கூட எல்லைக்குள் என் குரல் முதன்முதலாக எழுந்தது அப்படித்தான். என் வகுப்புப் பெண் ஒருத்தி அந்த மரத்தின் மறுபக்கம் உட்கார்ந்து சாப்பிடுவாள். நான் தம்பியிடம் பேசுவது அவள் காதில் விழும். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சில வாரங்களில் மரத்தின் இந்தப் பக்கம் வந்தாள். அவனிடம் அவள் ஏதாவது கேட்பாள், அவனுக்குத் தெரியாது, நான் அவனிடம் சொல்வேன், அது அவளுக்கும் கேட்கும். அவனிடம் சொல்வதற்கும் அவளிடம் சொல்வதற்கும் இருந்த வித்தியாசம் எந்த நாளில் அழிந்தது என்று எனக்குத் தெரியாது.

அடுத்தது வாய்ப்பாடு. நாற்பது பிள்ளைகள் சேர்ந்து கத்தும்போது ஒரு குரல் கூடினால் யாருக்கும் தெரியாது. முதலில் உதட்டை அசைத்தேன், பிறகு மூச்சு, பிறகு மெல்லிய ஒலி. எனக்கே என் குரல் கேட்காத இரைச்சலில் நான் பேசப் பழகினேன். நாலாம் வகுப்பில் ஒரு காலையில் 'உள்ளேன் ஐயா' வந்தது. புதிதாக மாற்றலாகி வந்திருந்த வாத்தியார்; என் பழைய பெயர் அவருக்குத் தெரியாது. பதிவேட்டிலிருந்து நிமிராமல் குறித்துக்கொண்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அவர் நிமிர்ந்திருந்தால் மறுநாள் எனக்கு அந்தச் சொல் வந்திருக்காது என்பது நிச்சயம்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லவில்லை. சிறு வயதில் இது இருந்தவர்களில் பலருக்கு, பேச்சு வந்த பிறகும், கூட்டத்தைப் பற்றிய பதற்றம் மிச்சம் இருக்கும். எனக்கும் இருக்கிறது. தொலைபேசியில் பேசுவதைவிடக் கடிதம் எழுதுவேன். நான் எழுத வந்ததற்கு இதுதான் காரணம் என்று நண்பர்கள் சிலர் நம்புகிறார்கள். பேசாத வருஷங்களில் உள்ளே ஏதோ ஊறிற்று என்பது அவர்கள் சித்தாந்தம். ஊறவில்லை. அந்த வருஷங்களில் நான் மூத்திரத்துக்குப் போகக் கேட்க முடியாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். காய்ச்சலைச் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தேன். என் பலப்பத்தை எடுத்துக்கொண்ட பையனை, அது என்னுடையது என்று சொல்ல முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இதில் ஆழம் எங்கே இருக்கிறது?

இன்றைய பள்ளிகளில் ஒரு கூடுதல் சிரமம் சேர்ந்திருக்கிறது. வீட்டில் ஒரு மொழி, வகுப்பில் இன்னொரு மொழி. வேறு நாட்டில் குடியேறிய குடும்பங்களின் குழந்தைகளிடம் இந்தப் பேசாமை கூடுதலாகக் காணப்படுகிறது. டொரொன்டோவிலும் லண்டனிலும் வளரும் நம் பிள்ளைகளையும் இந்த விஷயத்தில் கவனித்தாக வேண்டும். புது மொழியைக் காதில் வாங்கிக்கொண்டு சில மாதம் பேசாதிருப்பது இயல்பு. அது நோய் அல்ல. ஆனால் மொழி பிடிபட்ட பிறகும், தாய்மொழிக்காரர் முன்னாலும் பேச்சு வரவில்லையென்றால், அதைக் கூச்சம் என்று தள்ளிவிடக் கூடாது.

செலக்டிவ் என்ற சொல்லிலும் எனக்குத் திருப்தி இல்லை. தேர்வு என்ற வாடை அதில் இன்னும் அடிக்கிறது. தேர்ந்தெடுப்பது குழந்தை அல்ல. இடம்தான் குழந்தையைத் தேர்ந்தெடுத்து வாயை அடைக்கிறது. தமிழில் இதற்கு ஒரு சொல் அமைக்கிறவர்கள் 'தேர்ந்த மௌனம்' என்று மொழிபெயர்த்துவிடாதிருக்க வேண்டும் என்பது என் பயம். இடத்தால் வந்த வாயடைப்பு என்று நீட்டிச் சொன்னாலும் பாதகமில்லை.

மௌனத்தை நேசிக்கிறவர்களிடம், என்னையும் சேர்த்துத்தான், இந்த ஒரு பாகுபாட்டை வேண்டிக்கொள்கிறேன். பேச்சு கைவசம் இருந்து, அதை வைத்துவிட்டு வருகிற மௌனம் ஒன்று. அது கவிஞனுக்கும் ஞானிக்கும் உரியது. அதற்கு அர்த்தம் தேடுவது விமர்சகனின் வேலை. பேச்சு வந்து சேராத பேசாமை வேறொன்று. அதை அர்த்தம் என்று எடுத்துக்கொண்டால் நமக்குச் செய்ய ஒன்றும் இல்லை. ரசிக்கலாம், அல்லது கோபிக்கலாம். பயம் என்று தெரிந்துகொண்டால் செய்ய நிறைய இருக்கிறது: கதவைச் சற்றுத் திறந்து வைக்கலாம், முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், ஐந்து விநாடி பொறுக்கலாம், பதிவேட்டில் குறித்துக்கொண்டு அடுத்த பெயரைக் கூப்பிடலாம்.